டார்சி கிவெலா குறுக்கே விழுவானா?

ஐஸ் ஹாக்கியில் ப்ளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிக்கட்ட ஆட்டங்கள், தொடங்கும் நாளன்று என் சித்தி லொரெயின் தன் முடிதிருத்தும் கடையின் சவரக் கத்திகளைக் கழுவித் துடைத்து மேல் அலமாரியில் வைத்துவிடுவாள். அதை எடுக்கச் சொல்லி எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். அணி தோற்று வெளியேறும்வரை, அல்லது கோப்பையைத் தூக்கும்வரை, ஆட்டக்காரர்கள் முகத்தில் கத்தி படக்கூடாது. ஆட்டக்காரர்கள் மட்டுமில்லை. காகித ஆலைக்காரர்கள், தபால்காரர், ஊரில் இருக்கும் இரண்டு பாதிரியார்களில் ஒருவர், எல்லோரும் தாடியோடுதான் திரிவார்கள். தலைமுடி வெட்டிக்கொள்ள மட்டும் கடைக்கு வருவார்கள். "ஏப்ரல் வந்தா எனக்கு அரை வயிறுதான்," என்பாள் சித்தி. ஆனால் அவளும் அந்தக் கத்திகளைத் தொடமாட்டாள்.

அதனால் இறுதிச் சுற்றின் நடுவில், ஒரு புதன்கிழமை காலை, டார்சி கிவெலா கடையின் பின்வாசல் வழியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து "முழுசா எடுத்துடு" என்றபோது அவன் தலைமுடியைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன்.

"மொட்டையா அடிக்கணும்?"

"தாடிய எடு, ட்ரினா."

"விளையாடாத. நாளைக்கு அஞ்சாவது ஆட்டம்."

"எனக்குத் தெரியாதா?"

"சித்தி பல் டாக்டர்கிட்ட போயிருக்கா. அவ வரட்டும்."

"அவ வந்தா என்னைத் தொரத்திடுவா. அவ கார் போறதைப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

டார்சி எங்களுக்கு அடுத்த தெருக்காரன். அவன் தங்கையும் நானும் ஒன்றாகப் படித்தோம். ஆறு வருடம் கப்பல் சமையலறைகளிலும் கண்ட கண்ட நாட்டு விடுதிகளிலும் வேலை பார்த்துவிட்டு நான் ஊர் திரும்பிச் சித்தியின் கடையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பின்வாசல் வழியாக வருகிறவர்களை நான் எங்கேயும் நம்பியதில்லை.

"ஏன்னு சொல்லு, எடுக்கிறேன்."

"சொல்ல முடியாது. எடுக்கலேன்னா வீட்ல போய் நானே கிழிச்சுக்குவேன். என் பொண்டாட்டி பாத்ரூம்ல ரத்தத்தைப் பாத்துட்டு கத்துவா."

அலமாரியில் இருந்து கத்தியை எடுத்தேன். நுரைக்கு அடியிலிருந்து அவனுடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. தாடையில் பழைய தையல் தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்று. முப்பத்தைந்து வயதுக்கு ரொம்பப் பயன்படுத்திவிட்ட முகம். முடிந்ததும் விரலால் காதோரம் தடவிப் பார்த்து, "இங்க கொஞ்சம் இருக்கு" என்றான். ஒரு முடிகூட இருக்கக்கூடாது என்பது போல மறுபடி மறுபடி தடவினான். பிறகு கழுத்துத் துண்டை மூக்குவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான்.

துண்டு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. சாயங்காலப் பயிற்சிக்குள் அணி பார்த்துவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்குள் ஊர் பார்த்துவிட்டது.

இப்போது டார்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவன் அப்பா மரலாரி ஓட்டினார். அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தாள். எங்கள் ஊரின் எல்லாப் பையன்களையும் போல அவனும் நடக்கத் தெரிந்த உடனே ஏரிப் பனியில் சறுக்கினான். பதினெட்டு வயதில் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ஒரு பெரிய அணி அவனைக் கடைசி ஆட்களில் ஒருவனாக எடுத்தது. ஒரு நாள்கூட பெரிய லீக்கில் ஆட விடாமல் கைவிட்டது. அப்புறம் பஸ்ஸிலேயே வாழ்க்கை. சஸ்காட்செவன், ஒஹாயோ, இரண்டு குளிர்காலம் ஆஸ்திரியா. இருபத்தேழு வயதில் எங்கள் ஊர் அணிக்கு வந்து சேர்ந்தான். சின்ன லீக், சம்பளமும் சின்னது. தடுப்பாட்டக்காரன். வருடத்துக்கு இரண்டு கோல் போட்டால் அதிகம். அவன் செய்தது ஒன்றே ஒன்றுதான். எதிராளி கோலை நோக்கி வட்டை அடிக்க மட்டையோடு கையை ஓங்கும்போது அதற்குக் குறுக்கே விழுவான்.

அந்த ரப்பர் வட்டு உறைந்து கல் மாதிரி இருக்கும். எலும்பை உடைக்கும் வேகத்தில் வரும். ப்ளேஆஃபில் எல்லோரும்தான் குறுக்கே விழுவார்கள், கோப்பைக்காக. டார்சி நவம்பரிலும் விழுவான். லீக் ஆட்டம், செவ்வாய்க்கிழமை, வெளியே பனிப்புயல், அரங்கத்தில் எண்ணூறு பேர், நான்கு கோல் வித்தியாசத்தில் ஏற்கெனவே தோற்றாகிவிட்டது. அப்போதும் விழுவான். "ஏப்ரலுக்குக் கொஞ்சம் மிச்சம் வைடா!" என்று மேல் வரிசையிலிருந்து கத்துவார்கள். அவன் எழுந்து நொண்டிக்கொண்டே அடுத்ததுக்குத் தயாராவான்.

அவனுக்கு நேர் எதிர், ரெமி புஷார். கியூபெக்கிலிருந்து வந்தவன், எங்கள் அணியின் கோல் மன்னன். அக்டோபர் முதல் மார்ச் வரை அவன் பனியில் சறுக்குவது, துணிக்கடையில் விலை விசாரிக்கிறவன் நடப்பது போல இருக்கும். ஓரத்து மோதல்களுக்குப் போகமாட்டான். பயிற்சியில் கொட்டாவி விடுவான். ஏப்ரல் பிறந்ததும் யாரோ சாவி கொடுத்த மாதிரி ஆகிவிடுவான். ஊர் அவனைக் கும்பிட்டது. "பெரிய என்ஜினை எல்லா நாளும் ஓட்டக்கூடாது," என்று விளக்கம்கூட வைத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். ஏப்ரலில் எல்லோரும் ஒரு மாடி ஏறிவிடுவார்கள். டார்சி எந்த மாடியில் இருந்தானோ அதே மாடியில் இருப்பான். குளிர்காலம் முழுக்க அணியிலேயே அதிகமாக உழைத்தவன், திடீரென்று மெதுவானவனாகத் தெரிவான். பதினேழு வருடத் தொழிலில் அவன் ஒரு கோப்பையையும் தொட்டதில்லை. இந்த முறைதான் முதல் தடவையாக இறுதிச் சுற்று. ஏழு ஆட்டத்தில் நான்கு ஜெயிப்பவருக்குக் கோப்பை. நான்கு முடிந்து இரண்டுக்கு இரண்டு. நான்காவதில் எதிரணியின் இரண்டு கோல் டார்சியின் பக்கமாகப் போயிருந்தது. அதற்கு மறுநாள்தான் அவன் தாடியை எடுத்தான்.

"கிவெலா எங்கேயோ கையெழுத்து போட்டுட்டான்," என்றார் கோர்ட், வியாழக்கிழமை காலை கடையில்.

கோர்ட் ஆலையில் ஓய்வு பெற்றவர். முடி வெட்டிக்கொள்ள அவருக்கு முடியே கிடையாது. ஆனாலும் காலையில் கடை திறந்ததும் ஜன்னலோர நாற்காலி அவருடையது.

"என்ன கையெழுத்து?" என்றாள் சித்தி.

"அடுத்த வருஷத்துக்கு. ஜெர்மனியோ என்னவோ. மனசு போயிடுச்சு, அதான் தாடியும் போயிடுச்சு. நாலாவது ஆட்டத்துல பாத்தியா, பொணம் மாதிரி நின்னான்."

"யோவ் கோர்ட், நவம்பர்ல அந்தப் பொணம்தான் உன் அணிய தூக்கிட்டு வந்துச்சு."

"நவம்பர்ல யார் வேணும்னாலும் தூக்கலாம் லொரெயின். நவம்பர்ல நான்கூட தூக்குவேன்." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, சவரம் பண்ணது நீதானாமே. என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாமயா கத்தி எடுத்த? உலகம் சுத்தினா இப்படித்தான். எதையும் மதிக்கத் தோணாது."

சித்தி என்னோடு அன்று முழுவதும் பேசவில்லை. கத்தியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தாள், நோய் ஏதோ ஒட்டிக்கொண்டது போல.

வியாழக்கிழமை ஐந்தாவது ஆட்டத்தில் டார்சி இல்லை. "மேல் உடம்பில் காயம்" என்று அணி அறிவித்தது. ப்ளேஆஃபில் அணிகள் சொல்லும் காயத்தை யார் நம்புவார்கள்? சவரம் செய்த முகத்தோடு வருகிறவன் பக்கத்தில் உட்காரமாட்டோம் என்று ஆட்டக்காரர்கள் சொன்னதாகவும், பயிற்சியாளர் மெர்வ் தலையாட்டியதாகவும்தான் ஊரில் பேச்சு. டார்சி கோட்டு மாட்டிக்கொண்டு மேல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் இருக்கைகள் காலி.

அவன் இல்லாத அன்று எங்கள் அணி ஐந்து கோல் போட்டு ஜெயித்தது. ரெமிக்கு மூன்று.

அது போதாதா? அடுத்த நாள் காலை கோர்ட் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"கேளு. கிவெலாவோட ட்ரக்கை எங்க பாத்தாங்க தெரியுமா? நெடுஞ்சாலை மோட்டல் வாசல்ல. புதன்கிழமையும் நின்னுச்சு, இன்னிக்குக் காலையிலயும் நிக்குது. அந்த மோட்டல்ல யாரு தங்கியிருக்கா?"

எதிரணி தங்கியிருந்தது. சித்தி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அவன் அப்படிப்பட்டவன் இல்ல," என்றாள். ஆனால் அதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவன் ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் காதோரத்தை அத்தனை தடவை தடவிப் பார்த்தவனுக்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும். காரணத்தை மறைக்கிறவன் எதையெல்லாம் மறைப்பான்? சனிக்கிழமை காலை சித்தியின் காரை எடுத்துக்கொண்டு மோட்டலுக்குப் போனேன். எதிரணிப் பேருந்து ஆறாவது ஆட்டத்துக்காக அவர்கள் ஊருக்குப் போயிருந்தது. டார்சியின் ட்ரக் மட்டும் நின்றது.

மோட்டலுக்குப் பின்னால் தீயணைப்பு நிலையத்தின் பயிற்சி மைதானம். இரும்புப் பெட்டகம் ஒன்றிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. கனத்த உடுப்பும் முகமூடியும் போட்ட நான்கைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக அதற்குள்ளிருந்து தவழ்ந்து வந்தார்கள். முகமூடியைக் கழற்றியபோது எல்லாம் இருபது வயது முகங்கள். கடைசியாக வந்தவன் மட்டும் டார்சி.

என்னைப் பார்த்ததும் வேலியோரம் வந்தான். நெற்றியில் கரி.

"மோப்பம் பிடிச்சுட்டு வந்துட்டியா?"

"ஊரே மோப்பம் பிடிக்குது. எதிரணிகிட்ட காசு வாங்கிட்டேன்னு கோர்ட் சொல்றார்."

அவன் சிரித்துவிட்டான். "எவ்வளவாம்?"

"சிரிக்காத. இது என்ன?"

"வேலை. இடம் ஒண்ணு காலியா இருக்கு. முப்பத்தஞ்சுக்கு மேல எடுக்கமாட்டாங்க. முகமூடி முகத்துல காத்துப்புகாம ஒட்டணும், முடி இருந்தா ஒட்டாது. அதை அளந்து பாக்குற ஆள் வெளியூர்லேருந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். புதன்கிழமை மத்தியானம் வந்தார்."

"இவ்வளவுதானா? இதைச் சொல்லித் தொலைச்சா என்ன?"

அவன் கையுறையைக் கழற்றி வேலியில் மாட்டினான். "மே மாசம் உடல் தேர்வு இருக்கு, ட்ரினா. குழாயைத் தோள்ல போட்டுக்கிட்டு மாடி ஏறணும், ஆள் கனத்துக்கு ஒரு பொம்மைய இழுக்கணும். கணுக்கால்ல ஒரு எலும்பு விட்டுப்போனா வேலை போச்சு. இது மெர்வுக்குத் தெரிஞ்சா என்ன கேப்பான்?"

நான் யோசித்தேன். "குறுக்கே விழுவியான்னு கேப்பான்."

"அதான். மெதுவா ஆடுறான்னு சொல்லட்டும், கிழவன்னு சொல்லட்டும். காசு வாங்கினான்னுகூட சொல்லிட்டுப் போகட்டும், அது ஒரு வாரத்துல பொய்னு தெரிஞ்சுடும். 'இவன் உடம்ப பாத்துக்கிட்டு ஆடுவான்'னு ஒரு தடவை சொல்லிட்டாங்கன்னா முடிஞ்சுது. அப்புறம் அந்த அணிச் சட்டைய எனக்குக் குடுக்கமாட்டாங்க. எனக்கு ஒரு ஆட்டம் வேணும். கோப்பைக்கு ஒரே ஒரு ஆட்டம் நான் பனியில நிக்கணும்."

"சரி. விழுவியா?"

"என்ன கேள்வி இது," என்றான். தீயணைப்புப் பயிற்சி கொடுப்பவர் விசில் அடித்தார், அவன் ஓடிவிட்டான்.

காரில் திரும்பும்போதுதான் கவனித்தேன். அவன் பதில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊரில் ஆறாவது ஆட்டத்தில் தோற்றோம். மூன்றுக்கு மூன்று. அதோடு எங்கள் தடுப்பாட்டக்காரப் பையன் ஒருவனுக்குக் கால் உடைந்தது. செவ்வாய்க்கிழமை ஏழாவது ஆட்டம், எங்கள் அரங்கத்தில். இப்போது மெர்வுக்கு ஆள் வேண்டும். ஆள் டார்சி ஒருவன்தான்.

திங்கட்கிழமை ரெமி புஷார் பின்கழுத்து முடியைச் சீராக்க வந்தான். தாடி பிரமாதமாக இருந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அவனைச் சவரம் பண்ணது நீதானே? சொல்லு, எந்த அணி?"

"எனக்குத் தெரியாது."

"தெரியும். உன் கை நின்னுச்சு இப்ப." அவன் திரும்பாமலே பேசினான். "எனக்கு அவன்மேல என்னிக்குமே சந்தேகம் உண்டு. இப்ப வந்ததில்ல, முதல் வருஷத்துலேருந்து."

"எல்லா ஆட்டத்திலயும் உயிரைக் குடுக்கிறவன்மேலயா? உன்மேல இல்ல வரணும்?"

ரெமி வாய்விட்டுச் சிரித்தான். "என்மேல எதுக்கு? நான் நவம்பர்ல தூங்குவேன்னு எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதுல ஒளிவுமறைவு இல்ல. அவன்தான் எனக்குப் புரியல. எண்ணூறு பேரு இருக்கான், அதுல பாதி பேரு ஹாட் டாக் வரிசையில நிக்கிறான். அதுக்கு எதுக்குடா கால உடைச்சுக்கிற? யாருக்காக? ஒருத்தன் யாருக்காக ஆடுறான்னு தெரியலேன்னா அவனை எப்படி நம்புறது?"

அவன் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டுக் கோட்டை மாட்டினான். "மெர்வ் எல்லாரையும் கூப்பிடுறான். கிவெலா ஏதோ சொல்லணுமாம்."

மெர்வ் டார்சியிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம். ஏன் எடுத்தாய், உண்மையைச் சொன்னால் சட்டை, இல்லையென்றால் மேல் வரிசை. டார்சி சொல்லிவிட்டான், எல்லோர் முன்னாலும். தீயணைப்பு, முகமூடி, மே மாதம், எல்லாம். பிறகு மெர்வ் கேட்டாராம், அவன் பயந்த அதே கேள்வியை. "விழுவியா?" டார்சி, "என்னிக்கு விழாம இருந்திருக்கேன்?" என்றானாம். மெர்வ் சட்டையைத் தூக்கி அவன் மடியில் எறிந்தார்.

அணியின் அறையில் பேசியது எங்கள் ஊரில் அறைக்குள் தங்காது. செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரியும். எதிரணியிடம் காசு வாங்கினான் என்ற பேச்சு அப்படியே கரைந்துபோனது. அதை யார் முதலில் சொன்னது என்று கோர்ட்டுக்கே ஞாபகம் இல்லை. ஆனால் புதுப் பேச்சு வந்துவிட்டது.

"அந்த உடம்பு இப்ப தீயணைப்பு நிலையத்தோடது," என்றார் கோர்ட். "பாத்துப் பாத்துத்தான் வைப்பான். மனுஷன்தானே. நானா இருந்தாலும் விழமாட்டேன்."

"நீ எப்பவுமே விழமாட்ட," என்றாள் சித்தி. "நாற்காலியே உன்னை விடாது."

"சிரிம்மா. இன்னிக்கு நான் கோலைப் பாக்கப் போறதில்ல, ரெமிய பாக்கப் போறதில்ல. கிவெலாவோட முட்டிய மட்டும் பாக்கப் போறேன்."

அன்று சாயங்காலம் அரங்கத்தில் நாலாயிரம் பேர். அதில் எத்தனை பேர் அந்த முட்டியைப் பார்க்க வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தேன். சித்தியும் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்தாள், வாயில் போட்ட மிட்டாயைச் சப்பக்கூட மறந்து.

முதல் பகுதியிலேயே சந்தர்ப்பம் வந்தது. அவர்களின் பெரிய ஆள் கையை ஓங்கினான். டார்சி பக்கவாட்டாகச் சரிந்தான். வட்டு அவன் விலாவில் பட்ட சத்தம் எங்கள் வரிசைவரை கேட்டது. அரங்கமே எழுந்து நின்று கத்தியது. நான் ஊரில் இருந்த காலமெல்லாம் அவன் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன். குறுக்கே விழுந்ததற்கு அவனுக்கு யாரும் எழுந்து நின்றதில்லை. கோர்ட்டும் நின்றார். ஆனால் உட்காரும்போது, "ஒண்ணு சரி," என்றார், கணக்கு இன்னும் முடியாதவர் மாதிரி.

இரண்டாவது பகுதியில் இன்னொரு தடவை விழுந்தான். இந்த முறை கூச்சல் இன்னும் அதிகம். "கிவெலா! கிவெலா!" என்று பையன்கள் மேளம் தட்டினார்கள். டார்சி எழுந்தபோது ஒரு முறை நிமிர்ந்து மேலே, எங்களைப் பார்த்தான். அவன் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

ரெமி ஒரு கோல் போட்டான். அவர்கள் ஒன்று போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று, கூடுதல் நேரம். முதலில் யார் கோல் போடுகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை.

கூடுதல் நேரத்தில் வட்டு எங்கள் எல்லைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. நடுவில் அவர்களின் மெலிந்த ஒருவனிடம் போய்ச் சேர்ந்தது. அவனுக்கும் எங்கள் கோல்கீப்பருக்கும் நடுவில் டார்சி மட்டும். அவன் கையை ஓங்கினான். நாலாயிரம் பேரும் மூச்சை இழுத்தார்கள். டார்சி விழுந்தான். விழுந்தான், ஆனால் ஒரு இமைப்பொழுது கழித்து. வட்டு அவன் முட்டிக்கும் பனிக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் நுழைந்து கோலின் மூலைக்குப் போய்விட்டது.

அவர்கள் கையுறைகளை வீசி எறிந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கோர்ட் திரும்பி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

மே மாதம் டார்சி உடல் தேர்வில் தேறினான். ஊருக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது. "சொன்னேன்ல, முழுசா கொண்டுபோய் சேத்துட்டான் உடம்ப," என்று இன்றைக்கும் கோர்ட் கடையில் சொல்கிறார். விலாவில் அந்த இரவு இரண்டு எலும்பு விரிசல் விட்டிருந்ததையும், அதோடுதான் அவன் அந்தப் பொம்மையை இழுத்தான் என்பதையும் நான் சொல்லிப் பார்த்தேன். "விலா வேற, முட்டி வேற," என்கிறார்.

ஆட்டத்துக்கு மறுநாள் காலை ஆட்டக்காரர்கள் அரங்கத்தைக் காலி செய்யும் நாள். கறுப்புக் குப்பைப் பைகளில் உடுப்புகளையும் காலணிகளையும் திணித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கையெழுத்துக்காகச் சிலர் நிற்பார்கள். அன்று டார்சி வந்தபோது அவர்கள் அவனுக்கு வழிவிட்டார்கள். மரியாதையாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. யாரும் அவனைத் தொட விரும்பாதது மாதிரி.

நான் அவன் ட்ரக் பக்கத்தில் நின்றேன். பையை வீசும்போது விலாவைப் பிடித்துக்கொண்டான்.

"கேக்கத்தானே வந்த," என்றான். "கேளு."

"லேட்டா விழுந்த."

"ஆமா."

"ஏன்?"

அவன் பின்கதவில் சாய்ந்தான். "யோசிச்சேன், ட்ரினா. இத்தனை வருஷத்துல நான் யோசிச்சு விழுந்ததே இல்ல. அவன் கை ஓங்கும், நான் கீழ இருப்பேன், அவ்வளவுதான். நேத்து முதல் ரெண்டு தடவை விழுந்தப்ப கத்தினீங்க பாரு. அப்பத்தான் தெரிஞ்சுது, எல்லாரும் என்னையத்தான் பாக்கிறீங்கன்னு. மூணாவது தடவை அவன் கை ஓங்கினப்ப, 'இப்ப பாக்கிறாங்க'ன்னு தோணுச்சு. அது தோணி முடியறதுக்குள்ள வட்டு போயிடுச்சு."

"கணுக்கால் ஞாபகம் வரலையா? மே மாசம்?"

"ராத்திரி பூரா அதைத்தான் என்னை நானே கேட்டுக்கிட்டிருந்தேன். இல்லேன்னு சொன்னா நம்புவியா?"

"முக்கால்வாசி."

"நானும் அவ்வளவுதான் நம்புறேன்."

ரெமி எங்களைத் தாண்டிப் போகிறவன் போல வந்து, நின்றான். கண்கள் சிவந்திருந்தன. தோளில் இரண்டு பை. டார்சி அவனிடமிருந்து ஒரு வார்த்தையை எதிர்பார்த்து நிமிர்ந்து நின்றான். திட்டு வாங்கத் தயாராகிறவன் நிற்கிற மாதிரி.

"காதுல விழுந்துச்சு," என்றான் ரெமி. "யோசிச்சியாமே."

"யோசிச்சேன்."

"நான் அக்டோபர்லேருந்து மார்ச் வரைக்கும் யோசிக்கிறேன்டா. ஒவ்வொரு தடவையும். இதுக்கு வலிக்குமா, இது தேவையா, இதை யாராவது பாக்கிறானா. ஏப்ரல்லதான் மண்டைல அந்தச் சத்தம் நிக்கும். உனக்கு ஏப்ரல்ல ஆரம்பிச்சிருக்கு." பைகளைக் கீழே வைத்தான். "என்கிட்ட கேட்டிருந்தா எப்படி இருக்கும்னு சொல்லியிருப்பேன்."

"நீ என்னோட பேசினதே இல்லையேடா."

"நீ எங்கடா பேசவிட்ட? எப்பப் பாரு தரையில கிடப்ப."

டார்சி சிரிக்கப்போய் விலாவைப் பிடித்துக்கொண்டான். ரெமி சிரிக்கவில்லை. அவன் முகத்தில் கிண்டல் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். எனக்கு அவன்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் கிண்டல் இல்லை.

"அடுத்த நவம்பர்ல நீ இருக்கமாட்ட," என்றான். "அப்ப நான் யாரு பின்னால ஒளிஞ்சுக்கிறது?"

டார்சி ட்ரக்கில் ஏறி உட்கார்ந்து, கஷ்டப்பட்டுக் கதவை இழுத்துச் சாத்தினான். கண்ணாடியை இறக்கினான்.

"நீயே விழுடா," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.